ஆய்வாளரை எந்த அளவுகோலால் அளப்பது?

புறநோயாளர் பிரிவில் அண்மைக்காலமாக ஒரு புதிய வழக்கம் தோன்றியிருக்கிறது. முன்பு நோயாளியின் குடும்பத்தார் ஸ்கேன் படங்களையும் இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் ஒரு துணிப்பையில் கொண்டுவருவார்கள். இப்போது அவற்றோடு மகனோ மகளோ ஒரு கைப்பேசியையும் மேசைமீது வைக்கிறார்கள். திரையில் புற்றுநோய் மரபணு ஆய்வாளர் ஒருவரின் படம் இருக்கும். அதன் பக்கத்தில் மேற்கோள்கள் இத்தனை ஆயிரம், ஹெச் குறியீடு இவ்வளவு என்று எண்கள் இருக்கும். "டாக்டர், இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர் சொல்கிற பரிசோதனை. அம்மாவுக்குச் செய்து பார்த்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. கேட்கப்படும் தொகையோ சில வேளைகளில் ஆம்பூர் காலணித் தொழிற்சாலையில் வேலைபார்க்கும் ஒருவரின் பல மாதச் சம்பளம். ஆகவே அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதைச் சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

ஓர் ஆய்வாளர் கட்டுரை வெளியிடுகிறார். பின்னால் வரும் வேறோர் ஆய்வாளர் தம் கட்டுரையில் அதைக் குறிப்பிட்டால், முன்னவருக்கு ஒரு மேற்கோள் சேர்கிறது. ஹெச் குறியீடு என்பது இதன்மேல் கட்டப்பட்ட கணக்கு. கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் இதை முன்மொழிந்தார். ஒருவருக்கு ஹெச் குறியீடு 40 என்றால், அவருடைய கட்டுரைகளில் நாற்பது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது நாற்பது முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்பது பொருள். இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஆய்வாளர் ஓய்வுபெற்று வீட்டில் அமர்ந்திருந்தாலும் ஏறிக்கொண்டிருக்கும்.

எதற்கு மேற்கோள் குவிகிறது என்பதும் வேடிக்கையானது. உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட அறிவியல் கட்டுரை 1951-இல் ஆலிவர் லௌரியும் அவருடைய குழுவினரும் எழுதியது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். அது எந்த நோய்க்கும் மருந்து சொல்லவில்லை. ஒரு திரவத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆய்வுக்கூடங்கள் எல்லாம் அந்த முறையைப் பயன்படுத்தின, எல்லாரும் குறிப்பிட்டனர். மரபணுத் துறையிலும் இப்படித்தான். ஒரு பெரிய பன்னாட்டுத் திட்டத்தின் கட்டுரையில் நூற்றுக்கணக்கானோர் பெயர்கள் இருக்கும். அக்கட்டுரை பெறும் மேற்கோள்கள் அத்தனை பேர் கணக்கிலும் முழுமையாகச் சேரும். இன்னொன்று, ஒரு கட்டுரை தவறு என்று சுட்டிக்காட்டி எழுதினாலும் அதுவும் ஒரு மேற்கோளாகவே எண்ணப்படும்.

நம் வட்டாரத்தினருக்கு இதை விளக்குவது எளிது. பதனிட்டு முடித்த தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்கிறோம். அளவு இயந்திரத்தில் தோலை விட்டால் பரப்பைத் துல்லியமாகச் சொல்லிவிடும். தோலில் உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா, கத்தி பட்ட வெட்டு இருக்கிறதா, காலணியின் மேற்பகுதிக்கு ஆகுமா, உள்தோலுக்குத்தான் ஆகுமா என்று அந்த இயந்திரம் சொல்லாது. அதற்கு ஒருவர் வெளிச்சத்தில் நின்று கையால் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். மேற்கோள் எண்ணிக்கை பரப்பளவைப் போன்றது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒரு துறையில் யாருடைய பேச்சு அதிகம் கேட்கப்படுகிறது என்பதை அது காட்டும். ஆய்வாளரை அளக்க இதுமட்டும் போதாது என்று அறிவியல் உலகமே சொல்லத் தொடங்கிவிட்டது. 2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய அறிவியல் இதழாசிரியர்கள் உருவாக்கிய அறிக்கை, கட்டுரை எந்த இதழில் வந்தது என்பதைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. அதன்பின் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையொப்பமிட்டுள்ளன.

தரம் பார்க்காமல் பரப்பை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் புற்றுநோய் மரபணு ஆய்விலேயே ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அனில் போட்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2006-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கட்டியிலுள்ள மரபணுக்களின் செயல்பாட்டைப் படித்தால், அந்த நோயாளிக்கு எந்தக் கீமோதெரபி மருந்து பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது அவர்களின் கூற்று. அது மெய்யாக இருந்தால் எத்தனை வீண் வேதனை மிச்சமாகும்! உலகம் வியந்தது. கட்டுரை நூற்றுக்கணக்கான மேற்கோள்களைப் பெற்றது. அந்த முறையைக் கொண்டு மருந்தைத் தேர்ந்தெடுக்கும் மூன்று மருத்துவச் சோதனைகள் டியூக்கில் தொடங்கப்பட்டன. நுரையீரல், மார்பகப் புற்றுநோயாளிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அவற்றில் சேர்ந்தனர்.

ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்து மருத்துவர்கள் இதே முறையைத் தாங்களும் பயன்படுத்த விரும்பினர். அங்கிருந்த கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்களிடம் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார்கள். கணக்கு வரவேயில்லை. மரபணுப் பட்டியல் ஒரு வரி கீழே நகர்ந்திருந்தது. ஒரு மரபணுவின் பெயருக்கு நேரே அடுத்த மரபணுவின் எண் நின்றது. மருந்து பலிக்கும் செல்கள் எவை, பலிக்காத செல்கள் எவை என்ற குறிப்பு சில இடங்களில் தலைகீழாக மாறியிருந்தது. ஒரு நோயாளிக்கு இதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். பலிக்காது என்று தெரிந்த மருந்தே அவருக்கு ஏற்றதெனத் தேர்ந்தெடுக்கப்படலாம். டியூக்கிலேயே ஆய்வுக்குழுவில் இருந்த ஒரு மருத்துவ மாணவர் 2008-இல் ஐயங்களை எழுத்தில் எழுப்பினார். பேகர்லியும் கூம்ப்ஸும் தங்கள் கண்டறிதல்களை 2009-இல் ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டனர். சோதனைகள் நிறுத்தப்பட்டன, மீண்டும் தொடங்கப்பட்டன, 2010-இல் முற்றிலும் கைவிடப்பட்டன. போட்டி அவ்வாண்டு பதவி விலகினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் அவருடைய ஆய்வுகளில் பொய்யான தரவுகள் சேர்க்கப்பட்டிருந்தன என்று 2015-இல் அறிவித்தது. குற்றத்தை அவர் ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

சரிபார்த்த இருவரின் உழைப்புக்கு ஹெச் குறியீட்டில் பெரிய இடம் கிடைக்காது. பிறர் கணக்கைத் திருத்துவது புகழ் தரும் வேலையன்று. ஆனால் அந்தச் சோதனைகளில் மேலும் நோயாளிகள் சேராமல் தடுத்தது அவர்களுடைய கணக்குத்தான். ஒரு புதிய மரபணுப் பரிசோதனையைப் பற்றி என்னிடம் யாரேனும் கூறினால் நான் முதலில் தேடுவது மேற்கோள் எண்ணை அன்று. கண்டுபிடித்தவருக்குத் தொடர்பில்லாத வேறோர் ஊரில், வேறு நோயாளிகளிடம், இது மறுபடியும் பலித்திருக்கிறதா என்றே தேடுகிறேன்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். இரத்தப் புற்றுநோய்களில் ஏ.பி.எல். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா ஒரு கொடிய வகை. இளம் வயதினரையும் நடுவயதினரையும் அதிகம் பிடிக்கும். ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசியும், தோலில் நீலத் திட்டுகள் தோன்றும், மூளையில் இரத்தம் கசிந்தால் சில நாட்களிலேயே உயிர் போகும். இதன் மூலக்காரணத்தின் முதல் தடயத்தைக் கண்டவர் சிகாகோவின் ஜேனட் ரௌலி. குரோமோசோம்களின் ஒளிப்படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி அடுக்கிப் பார்த்தவர் அவர். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். இந்நோயில் 15-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 17-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறிக்கொள்கின்றன என்பதை 1977-இல் அவர் எழுதினார். இந்த மாற்றத்தால் இரு மரபணுக்கள் ஒட்டி ஒரு புதிய மரபணு பிறக்கிறது, வெள்ளணுக்கள் வளர்ச்சி முடியாமல் பாதியில் நின்றுவிடுகின்றன என்பது பின்னர் 1990-களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று.

மருந்து சீனாவிலிருந்து வந்தது. ஷாங்காய் மருத்துவர்கள் வைட்டமின் ஏ-யைச் சார்ந்த ஒரு மாத்திரையைக் கொடுத்து, நின்றுபோன செல்களை வளரச் செய்தனர். ஹார்பின் நகரில் ஷாங் டிங்டோங் என்பவரின் குழு 1970-களிலேயே ஆர்செனிக் டிரைஆக்சைடை ஊசியாகச் செலுத்திப் பார்த்தது. நம் பாட்டிமார் வெள்ளைப் பாஷாணம் என்று பெயர் சொல்லவே அஞ்சிய அதே பொருள். (மருத்துவமனையில் தரப்படுவது தூய்மை அளக்கப்பட்ட ஊசிமருந்து. அதைச் செலுத்தும் நாட்களில் இதயத் துடிப்பின் வரைபடத்தையும் இரத்தத்திலுள்ள பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளையும் விடாமல் பார்ப்போம். இதைப் படித்துவிட்டுப் பாஷாணம் கலந்த எதையும் வெளியில் வாங்கி உண்ண வேண்டா.)

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் இரத்தவியல் துறை 1998 ஜனவரியில் ஒரு கடினமான கேள்வியை எடுத்துக்கொண்டது. உலகின் பிற இடங்களில் வைட்டமின் ஏ சார்ந்த மாத்திரையும் தீவிரக் கீமோதெரபியும் சேர்த்துத் தரப்பட்டன. செலவு பெரிது, கீமோதெரபியால் வரும் தொற்றுக்குத் தனியே செலவு. இந்தியாவில் பல குடும்பங்கள் நோயின் பெயரைக் கேட்டதும் வீடு திரும்பிவிடும் நிலை. ஆர்செனிக்கை மட்டுமே முதல் மருந்தாகத் தந்தால் குணமாகுமா? 2004 டிசம்பர் வரை 72 நோயாளிகளுக்கு இவ்வாறு சிகிச்சை தரப்பட்டது. நோய் அடங்கும்வரை நாள்தோறும் ஊசி, பிறகு சிறிது இடைவெளி, மீண்டும் ஒரு சுற்று, அதன்பின் ஆறு மாதங்களுக்கு மாதத்தில் பத்து நாட்கள். விக்ரம் மாத்யூஸை முதல் ஆசிரியராகக் கொண்டு 2006-இல் 'பிளட்' இதழில் முடிவுகள் வந்தன. 72 பேரில் 62 பேருக்கு, அதாவது 86 விழுக்காட்டினருக்கு, நோய் முற்றிலும் அடங்கியது. நோய் கண்டறியும்போது வெள்ளணுக்கள் ஐயாயிரத்துக்குக் குறைவாகவும் தட்டணுக்கள் இருபதாயிரத்துக்கு மேலாகவும் இருந்த 22 பேரில் ஒருவரும் இறக்கவில்லை, ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை.

இந்த ஆய்வில் குறை காண விரும்பினால் காணலாம். ஒரே மருத்துவமனை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, 72 என்பது சிறிய எண். இவற்றை ஆய்வாளர்களும் அறிவார்கள். வேறிடங்களில் நடந்தது அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கது. 2013-இல் பிரான்செஸ்கோ லோ-கோக்கோ தலைமையில் இத்தாலிய, ஜெர்மானிய மருத்துவர்கள் அபாயம் குறைந்த ஏ.பி.எல். நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. கீமோதெரபி இல்லாமல் ஆர்செனிக்கும் அந்த மாத்திரையும் பெற்றவர்களில் 97 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகள் நோய் திரும்பாமல், வேறு பின்னடைவும் இல்லாமல் வாழ்ந்தனர்; கீமோதெரபி பெற்ற குழுவில் அது 86 விழுக்காடு. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் ஆர்செனிக் டிரைஆக்சைடைச் சேர்த்தது. இந்த முன்னேற்றத்தில் ரௌலிக்கு எவ்வளவு பங்கு, ஹார்பினுக்கு எவ்வளவு, வேலூருக்கு எவ்வளவு என்று மேற்கோள்களை எண்ணிப் பங்கு பிரிக்க எவராலும் இயலாது. ஆனால் இன்று இந்நோயோடு இரத்தம் கசிய வந்து சேரும் ஓர் இளைஞரிடம், அபாயக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் நீங்கள் குணமாக வாய்ப்பு மிக அதிகம் என்று எங்களால் சொல்ல முடிகிறது. நான் பட்டமேற்படிப்பு படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்லிக் கேட்டதில்லை.

யாரிடம் செய்யப்பட்ட ஆய்வு என்பதும் ஓர் அளவுகோல். மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து வந்தவை. அதனால் நம்மவரிடம் பிறப்பிலேயே இருக்கும், தீங்கற்ற ஒரு மரபணு வேறுபாடு, அந்தத் தரவுகளில் காணப்படாததால், புற்றுநோய் உண்டாக்கிய மாற்றமோ என்று ஐயுறப்படலாம். பரிசோதனை அறிக்கையில் 'முக்கியத்துவம் தெளிவாகாத மாற்றம்' என்ற வரியைப் பார்த்துக் கலங்கிவரும் குடும்பங்கள் உண்டு. அந்த வரியை வைத்து மட்டும் அறுவை சிகிச்சையோ மருந்து மாற்றமோ முடிவு செய்வதில்லை. மும்பை டாடா நினைவு மையத்தில் அமித் தத் குழுவினர் 2016-இல் இந்திய நோயாளிகளின் இயல்பான மரபணு வேறுபாடுகளைத் தொகுத்து ஒரு தரவுத்தளமாக வெளியிட்டது இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான். பன்னாட்டுப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தில் இந்தியா எடுத்துக்கொண்டதும் புகையிலை மெல்லும் நம் மக்களுக்கு அதிகம் வரும் ஈறு, கன்னப் புற்றுநோயையே. அதன் முடிவுகள் 2013-இல் வந்தன.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சோமசுந்தரம் குழு செய்தது இன்னும் அடக்கமான வேலை. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் பரம்பரையாக வரும் தென்னிந்தியக் குடும்பங்களில் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களை ஆராய்ந்து, 185டெல்ஏஜி என்ற ஒரு குறிப்பிட்ட மாற்றம் மீண்டும் மீண்டும் தென்படுவதை 2009-இல் பெங்களூரில் வெளியாகும் ஓர் இதழில் எழுதினார்கள். யூதக் குடும்பங்களில் அதிகம் காணப்படுவதாக முன்பே அறியப்பட்ட மாற்றம் அது. இதழின் புகழைக் கொண்டு அளந்தால் அந்தக் கட்டுரை சிறியது. ஆனால் தாய்க்கு இந்த மாற்றம் இருப்பது தெரிந்துவிட்டால், மகளுக்கும் தங்கைக்கும் முழு மரபணுவையும் படிக்க வேண்டியதில்லை. அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு பல மடங்கு குறையும். மாற்றம் இல்லை என்று வந்தால், அந்தப் பெண் தாயிடமிருந்து அந்த ஆபத்தைப் பெறவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். வேலூர்க் குடும்பம் ஒன்றுக்கு ஐம்பதாயிரம் மேற்கோள்களைவிட இது பயன்படும் என்பது என் எண்ணம்.

ஆகவே அடுத்த முறை ஒரு மரபணுப் பரிசோதனை உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டால், பரிந்துரைப்பவர் நானாக இருந்தாலும், தயங்காமல் கேளுங்கள். இதன் முடிவு எப்படி வந்தாலும் என் சிகிச்சை மாறுமா? மாறும் என்றால் அந்த மருந்து இந்தியாவில் கிடைக்கிறதா, எங்களால் வாங்க முடியுமா? மாறாது என்றால் பணத்தை வைத்துக்கொள்ளலாம். ஆய்வின் பகுதியாகச் செய்யப்படும் பரிசோதனை என்றால், அதற்கு உங்களிடம் ஏன் பணம் கேட்கப்படுகிறது என்று கேட்பதும் உங்கள் உரிமை. மருந்துச் சோதனை எனில் இந்தியாவின் மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் இருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். புரியும்வரை கையெழுத்து வேண்டா; வீட்டுக்கு எடுத்துச் சென்று பிள்ளைகளோடு படித்துவிட்டு வரலாம்.

வேலூர் ஆய்வைப் பற்றி ஒரு செய்தி மீதமிருக்கிறது. 2006-இல் வெளியான கணக்கின்படி மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருப்போர் 86 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. அதே நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்து 2010-இல் அவர்கள் மறுபடியும் எழுதினார்கள். ஐந்து ஆண்டுக் கணக்கில் அது 74 விழுக்காடு. முதல் எண்ணோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பார்க்க அழகாக இருந்திருக்கும். குறைந்த எண்ணையும் வெளியிட்டதால்தான் அபாயம் அதிகமுள்ள நோயாளிகளுக்கு ஆர்செனிக் மட்டும் போதாது, கூடுதல் சிகிச்சை தேவைப்படலாம் என்ற கேள்வி வலுப்பெற்றது. அந்த இரண்டாம் எண் கிடைக்க வேண்டுமென்றால் உடம்பு தேறிய பிறகும் நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் மறுபரிசோதனைக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். ரௌலி கண்ட இடமாற்றத்தால் பிறக்கும் அந்த ஒட்டு மரபணுவின் சுவடு இரத்தத்தில் மீண்டும் தோன்றுகிறதா என்று பி.சி.ஆர். சோதனையில் பார்ப்பார்கள், நோய் வெளிப்படுவதற்கு முன்பே அது காட்டிக்கொடுக்கும், சிகிச்சையை உடனே தொடங்கலாம்.

நம் பிரிவிலும் சிகிச்சை முடிந்தபின் மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுவோர் இருக்கிறார்கள். கூலி போகும், வேலைமுறை மாற்றித் தரமாட்டார்கள், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காரணங்கள். நாள் ஒத்துவராவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு நாள் தரலாம். தொழிற்சாலையில் காட்டுவதற்குச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் எழுதித் தருகிறோம். கைப்பேசி எண் மாறியிருந்தால் பதிவு முகப்பில் புதிய எண்ணைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.